டர்போவா, சாதா இன்ஜினா: நெல்லைச் சாலைகளில் ஓட்டிப் பார்த்து எடுத்த முடிவு

“எத எடுக்கச் சொல்லுதிய மாமா?” என்று அக்கா மகன் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பெருமாள்புரத்தில் வீடு. வாரம் ஒருமுறை வேலையாக மதுரைக்குப் போய் வருகிறான். மாதம் ஒருமுறை அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகிறான். பத்து வருஷமாகச் சின்ன வண்டி ஓட்டிச் சேர்த்த காசில், மிதித்தால் நிஜமாகவே பாய்கிற கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. பட்டியலைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரே காரின் இரண்டு வடிவங்களில் வந்து நின்றான். ஹூண்டாய் வெர்னாவில் 1.5 லிட்டர் சாதா பெட்ரோல் ஒன்று, அதே வெர்னாவில் 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்னொன்று.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. பாடி ஒன்று, சீட் ஒன்று, இன்ஜின் அளவும் ஏறக்குறைய ஒன்று: சாதாவில் 1497 சிசி, டர்போவில் 1482 சிசி. ஆனால் அது 115 குதிரைத்திறன், இது 160. நடுவில் இருக்கிற 45 எங்கிருந்து வந்தது, அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம், நம் ஊர் வெயிலிலும் நம் ஊர் ரோட்டிலும் அது முழுசாகக் கைக்கு வருகிறதா என்பதைத்தான் நாங்கள் இருவரும் பார்க்க வேண்டியிருந்தது. சாதா இன்ஜின் என்று நான் சொல்வது, விவரப் புத்தகத்தில் ‘நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்’ என்று போட்டிருப்பார்களே, அதைத்தான். சாதா என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. என் வீட்டு முன்வாசலில் இன்றைக்கும் நிற்கிற 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் அந்த ஜாதிதான். அதன் மேல் எனக்கு இருக்கிற பிரியம் குறையவே இல்லை.

கொல்லுப்பட்டறை பார்த்தவர்களுக்கு டர்போ ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். உலையில் கரியை எவ்வளவு கொட்டினாலும் அது சிவந்து கிடக்கும், அவ்வளவுதான். துருத்தியை அமுக்கினால்தான் இரும்பு இளகுகிற சூடு வரும். இன்ஜினுக்குள்ளும் அதே கதை. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீச்சலாம், ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். சாதா இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தில் உள்ளே நுழைகிறது. அதற்கு மேல் ஒரு மூச்சுகூட இழுக்க முடியாது. ஆகவே கூடுதல் சக்தி வேண்டுமென்றால் இரண்டே வழி: சிலிண்டரைப் பெரிதாக்கு, இல்லையென்றால் இன்ஜினை வேகமாகச் சுற்று. 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 இரண்டாவது வழியின் உச்சம். ஜப்பானில் விற்ற வண்டி வெறும் 2 லிட்டரில் 250 குதிரைத்திறன் கொடுத்தது. ஆனால் அதை எடுக்க நிமிஷத்துக்கு 8000 சுற்றுக்கு மேல் இன்ஜினை ஏற்ற வேண்டும்.

டர்போ மூன்றாவது வழி. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் வரிசையாக நிற்கிற காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஓடுகிற காற்றிலிருந்து வேலை வாங்குவது புதிய சங்கதி இல்லை. ஆனால் காற்றாலை நிமிஷத்துக்குப் பத்து இருபது தடவைதான் சுற்றும். பெரிய எலுமிச்சம்பழ அகலமே உள்ள இந்தக் காற்றாடியோ நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை போகும். விநாடிக்கு மூவாயிரத்துக்கு மேல். பின்னால் எண்ணெயைப் பற்றி நான் பேசப்போவதற்கெல்லாம் இந்த ஒரு எண்தான் காரணம்.

சூப்பர்சார்ஜர் என்று இன்னொன்று உண்டு. அதுவும் காற்றைத் தள்ளுவதுதான், ஆனால் புகைக்குப் பதில் இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றும். மிதித்த உடனே வேலை செய்யும், அதற்காக இன்ஜினின் சக்தியிலேயே ஒரு பங்கைத் தின்னும். நம் ஊரில் ஒருவர் வாங்கக்கூடிய விலையில் அப்படிப்பட்ட கார் இல்லை என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

இனி எண்களுக்கு வருவோம். ஷோரூமில் எல்லோரும் குதிரைத்திறனைத்தான் சொல்வார்கள். நான் மருமகனிடம் இழுவையைப் பார்க்கச் சொன்னேன். லாரி டிரைவர்கள் இழுவை என்று சொல்கிற அதே டார்க்தான். சாதா வெர்னாவில் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4500 சுற்றில்தான் கிடைக்கும். டர்போவில் 253, அது 1500 சுற்றிலேயே வந்து 3500 வரை அப்படியே நிற்கும். இதன் பொருள் என்ன என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இன்ஜின் 2000 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். டர்போவால் அங்கே ஏறக்குறைய 72 குதிரைத்திறன் தர முடியும். சாதா தன் முழு 144ஐயும் அந்த இடத்திலேயே கொடுத்தால்கூட 41தான் வரும். நிஜத்தில் அதுவும் வராது, ஏனென்றால் அதன் உச்சம் இன்னும் 2500 சுற்று தள்ளி இருக்கிறது. விவரத் தாளில் 160க்கும் 115க்கும் உள்ள வித்தியாசம் நாற்பது சதவீதம். நாம் தினசரி ஓட்டுகிற சுற்றுகளில் அது இரண்டு மடங்குக்குப் பக்கம் போய்விடுகிறது.

இதைத் திருச்செந்தூர் ரோட்டில்தான் உணர வேண்டும். பாளையங்கோட்டை தாண்டி, செய்துங்கநல்லூர் தாண்டி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணியை ஒட்டிப் போகிற ரோடு. இருபக்கமும் வாழைத்தோட்டம், நடுநடுவே வளைவு. முன்னால் ஒரு அரசு பஸ் அறுபதில் போகிறது. எதிரே ஒரு வேன் வந்து, கடந்து போகிறது. அதற்கப்புறம் ரோடு காலி, ஆனால் அடுத்த வளைவு ரொம்பத் தூரத்தில் இல்லை. இந்த இடைவெளிக்குள் பஸ்ஸைத் தாண்டி இடதுபக்கம் வந்துவிட வேண்டும், அல்லது தாண்டவே கூடாது. சாதா வண்டியில் மருமகன் நாலாவது கியரில் இருந்தான். மிதித்தான். சத்தம்தான் ஏறியது. மூன்றாவதுக்கு இறக்கினான், பிறகுதான் வண்டி கிளம்பியது. அதற்குள் வளைவு பக்கத்தில் வந்துவிட்டது. விட்டுவிட்டுப் பின்னால் வந்தான். ரொம்பச் சரியான காரியம், அதை அவனிடம் சொன்னேன். அதே ரோட்டில் மறுநாள் டர்போ. அதே மாதிரி பஸ், அதே நாலாவது கியர். மிதித்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டு, முதுகில் கைவைத்துத் தள்ளினாற்போல வண்டி போனது. தாண்டி, இடதுபக்கம் சேர்ந்து, கண்ணாடியில் பஸ்ஸின் முழு முகமும் தெரிந்த பிறகும் ரோடு மீதி இருந்தது.

வேகம் ஆபத்து என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் இருவழிச் சாலையில் எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருக்கிற நேரம்தான் ஆகப் பெரிய ஆபத்து. அந்த நேரத்தைக் குறைப்பது எதுவானாலும் அது பாதுகாப்புக் கருவிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கும் கந்த சஷ்டிக்கும் அந்த ரோட்டோரம் விடிய விடியப் பாதயாத்திரை போகிறவர்கள் நடக்கிறார்கள். அந்த நாள்களில் உங்களிடம் எந்த இன்ஜின் இருந்தாலும் நாற்பதைத் தாண்டாதீர்கள்.

மேலே ‘ஒரு நொடி யோசித்துவிட்டு’ என்று எழுதினேன். அதுதான் டர்போவின் குணக்கேடு, லேக் என்பார்கள். புகை சேர்ந்து காற்றாடி வேகம் பிடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இது பெரிய தொல்லை. 1970களின் போர்ஷே 911 டர்போவில் வளைவுக்குள் மிதித்தால் சக்தி தாமதமாக, மொத்தமாக வந்து விழும். பின்சக்கரம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும் என்று அதற்குப் பேரே ஏற்பட்டது. இன்றைக்குக் காற்றாடியைச் சின்னதாக்கி, புகை வரும் வழியை இரண்டாகப் பிரித்து, கம்ப்யூட்டர் வால்வு வைத்து அந்தத் தாமதத்தை நிறையக் குறைத்துவிட்டார்கள். குறைத்திருக்கிறார்கள், ஒழிக்கவில்லை. ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்கிற போக்குவரத்தில் டர்போ வண்டியை மெல்ல நகர்த்தும்போது முதலில் சோம்பலாகவும் பிறகு வேண்டியதற்கு மேலாகவும் இருக்கும். கால் பழக ஒரு மாதம் ஆகும்.

சாதா இன்ஜினிடம் இந்தப் பேச்சே கிடையாது. மிதி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் வண்டி, கால்விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே யாரும் இல்லை. என் பழைய சிட்டியில் 106 குதிரைத்திறன்தான், அதுவும் 6800 சுற்றில். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. ஆனால் வண்டி எடை குறைவு. பாபநாசத்திலிருந்து மேலே ஏறுகிற மலைப்பாதையில், காலை நேரம், கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டாவது கியரில் மிதித்துக்கொண்டே போனால், சுற்று ஐயாயிரத்தை ஒட்டும்போது அதன் குரல் மாறும். அதுவரை முனகிக்கொண்டிருந்தது திடீரென்று நாதஸ்வரக்காரர் மேல்ஸ்தாயிக்குத் தாவுகிற மாதிரி திறந்துகொள்ளும். வால்வுகளை இயக்குகிற கேம் மாறுகிற இடம் அது. அந்தச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். 22 வருஷமாக அதைக் கேட்கிறேன், இன்னும் மயிர் சிலிர்க்கிறது. டர்போவில் புகையின் பாதையிலேயே காற்றாடி உட்கார்ந்திருப்பதால் சத்தம் அமுங்கிப்போகும். இந்த விஷயத்தில் எந்த டர்போவும் எனக்குச் சமாதானம் சொன்னதில்லை.

இது நான் மட்டும் படுகிற ஏக்கம் இல்லை. பந்தயக் கார் செய்கிறவர்களே இந்த இடத்தில் பிரிந்துதான் நிற்கிறார்கள். ஃபெராரி 458 இத்தாலியா 2009இல் வந்தது. டர்போ இல்லாத 4.5 லிட்டர் வி8, 9000 சுற்றில் 570 குதிரைத்திறன், 540 நியூட்டன் மீட்டர். 2015இல் அதன் இடத்துக்கு வந்த 488இல் 3.9 லிட்டர், இரண்டு டர்போ, 670 குதிரைத்திறன், 3000 சுற்றிலேயே 760 நியூட்டன் மீட்டர். எண்ணில் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனாலும் இன்றைக்கும் 458இன் குரலைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். அதே 2015இல் போர்ஷே தன் சாதாரண 911 கரேராவுக்கும் டர்போ போட்டது. ஆனால் பந்தயத்தளத்துக்கென்றே செய்கிற 911 ஜிடி3இல் மட்டும் 4 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜினை விடாமல் வைத்திருக்கிறது, 9000 சுற்று, 510 குதிரைத்திறன். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததே, அங்கே ஓடிய போர்ஷே 911 ஜிடி3 கப் கார் டர்போ இல்லாத வண்டிதான். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய ஜோர்டானும் 3 லிட்டர் வி10, டர்போ கிடையாது. ஃபார்முலா 1 அதற்கு முன்னும் பின்னும் மாறி மாறிப் போயிருக்கிறது. 1977இல் ரெனோ டர்போவைக் கொண்டுவந்தது, 1989இலிருந்து டர்போவுக்குத் தடை, 2014இல் 1.6 லிட்டர் வி6 டர்போ மறுபடி உள்ளே.

பந்தயத்தளத்தில் ஏன் சாதா இன்ஜினுக்கு மதிப்பு என்றால், தளத்தை முதல் தடவை சுற்றி வரும்போதும் இருபதாவது தடவை சுற்றி வரும்போதும் ஒரே மாதிரி இருக்கும். காரணம் சூடு. நம் ஊருக்கு இதைவிட முக்கியமான சங்கதி கிடையாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போவும் அமுக்குகிறது. சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டையில் வெளிக்காற்றே 38, 39 டிகிரி. அதை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் 100 டிகிரியைத் தாராளமாகத் தாண்டும். சூடான காற்று லேசானது, அதில் பிராணவாயு குறைவு. அதைவிட மோசம், சூடான கலவை பிளக்கின் பொறியில் கிளம்பிய தீ வந்து சேரும்வரை காத்திராமல் தானாகவே வெடிக்கப் பார்க்கும். டக்டக் என்று இன்ஜின் தட்டுகிற நாக்கிங் அதுதான். அதனால்தான் டர்போவுக்குப் பிறகு இன்டர்கூலர் என்ற இன்னொரு ரேடியேட்டர் வைத்துக் காற்றைக் குளிரவைக்கிறார்கள். அதனால்தான் டர்போ இன்ஜின்களில், பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்கிற அமுக்க விகிதத்தையும் குறைக்கிறார்கள். ஃபெராரி 458இல் 12.5, 488இல் 9.4.

இந்தத் தொல்லை டர்போ பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஊருக்கு விற்ற முதல் டர்போ கார்களில் ஒன்று. அதில் நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு தனித் தொட்டியில் இருந்தது. தீரத் தீர ஊற்ற வேண்டும். நிறையப் பேர் ஊற்றாமல் விட்டார்கள், வண்டி பெயர் கெட்டது. கம்பெனி இரண்டே வருஷத்தில் அந்த மாடலை நிறுத்திவிட்டது.

இன்றைய வண்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், அழுத்தத்தைக் குறைக்கும். இன்ஜின் பிழைக்கும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய 160 அந்த நேரத்தில் 160ஆக இருக்காது. மத்தியான வெயிலில் தச்சநல்லூர் பைபாஸ் பக்கம் பத்து நிமிஷம் போக்குவரத்தில் மாட்டி, உடனே நாலுவழிச்சாலையில் ஏறி மிதித்துப் பாருங்கள். முதல் இரண்டு மிதிப்பில் மந்தம் தெரியும். இரண்டு கிலோமீட்டர் ஓடி இன்டர்கூலருக்குக் காற்று கிடைத்ததும் பழையபடி பாயும். சாதா இன்ஜினையும் வெயில் பாதிக்கத்தான் செய்கிறது. 15 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று எட்டு சதவீதம் லேசு, சக்தியும் அந்தக் கணக்கில் இறங்கும். ஆனால் அது சூடு சேர்த்துவைத்துக்கொண்டு பழிவாங்காது.

மலை ஏறினால் கணக்கு தலைகீழ். கோடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாகக் குறைவு. சாதா வண்டியின் 115 அங்கே 90ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி அந்தக் குறையை நிரப்பிவிடும். டர்போவின் ஆரம்ப வேலையே இதுதான். 1918இல் அமெரிக்காவில் விமான இன்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி, 4300 மீட்டர் உயரப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய் இதைச் சோதித்தார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை கோடைக்கானல் போகிறவர் இதற்காக டர்போ வாங்க வேண்டியதில்லை.

இனி எண்ணெய். இதைச் சொந்தப் பாடமாகவே சொல்கிறேன். சிட்டியோடு சேர்த்து என்னிடம் ஒரு டர்போ பெட்ரோல் வண்டியும் சில வருஷம் இருந்தது. தப்பு வண்டியுடையது அல்ல, அதனால் கம்பெனி பேர் வேண்டாம். கம்பெனி சர்வீஸை விட்டு வெளி ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கு மாற்றினேன். பில்லில் சிந்தெடிக் ஆயில் என்று போட்டார்கள், உள்ளே ஊற்றியது ஏதோ சாதாரண எண்ணெய். நான் டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. எழுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் மிதிக்கும்போது மெல்லிசாக விசில் கேட்டது. பிறகு காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நீலப் புகை. மேலப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஏர்ஃபில்டர் குழாயைக் கழற்றினார், உள்ளே தெரிந்த காற்றாடியின் நடு நட்டை இரண்டு விரலால் பிடித்தார், மேலும் கீழும் அசைத்தார். டக் டக் என்று ஆடியது. காற்றாடியின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, சுவரில் உரசியிருக்கிறது. “பாத்தியளா அண்ணாச்சி, டர்போவுக்கு எண்ணெதான் உசுரு” என்றார்.

விநாடிக்கு மூவாயிரம் சுற்று என்று சொன்னேனே, அந்தத் தண்டு இரும்பில் உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணெயின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. அந்தப் பக்கம் 900 டிகிரி வரை போகிற புகை, இந்தப் பக்கம் காற்று, நடுவில் எண்ணெய். எண்ணெய் மட்டமானதாக இருந்தாலோ, மாற்ற வேண்டிய கெடு தாண்டினாலோ அது அந்தச் சூட்டில் கரிந்து கரித்தூளாகும், துவாரத்தை அடைக்கும், தண்டு காயும். ஆகவே டர்போ வாங்குகிறவர் விவரப் புத்தகத்தில் போட்ட தரத்தில், சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே எண்ணெய் மாற்ற வேண்டும். டப்பாவை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். நாலுவழிச்சாலையில் அரைமணி நேரம் விரட்டிவிட்டு கங்கைகொண்டான் பக்கம் டீக்கடையில் நிறுத்தினால், சாவியை உடனே திருகாமல் ஒரு நிமிஷம் இன்ஜினைச் சும்மா ஓடவிடுங்கள். பல புதிய வண்டிகளில் நிறுத்தின பிறகும் தண்ணீரைச் சுற்றவிட்டு டர்போவைக் குளிரவைக்கிற ஏற்பாடு இருக்கிறது. இருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்தில் நாம் எதையும் இழக்கப்போவதில்லை.

என் சிட்டி இந்த உபசாரம் எதையும் கேட்டதில்லை. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்து ஓட்டுகிறேன், இன்ஜினைத் திறந்ததே இல்லை. அம்பாசமுத்திரத்திலோ களக்காட்டிலோ எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்துக்கொள்வார்.

நம் ஆள்களிடம் இருக்கிற ஒரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மைலேஜுக்காக டாப் கியரிலேயே கிடக்கட்டும் என்று ஐம்பதிலும் ஆறாவது கியரில் வைத்துக்கொண்டு, ஏற்றம் வந்தால் கியரை இறக்காமல் அழுத்தி மிதிப்பது. பழைய சாதா இன்ஜின் இதைத் திணறலோடு பொறுத்துக்கொள்ளும். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீச்சுகிற இன்றைய சின்ன டர்போ பொறுக்காது. குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் சேரும்போது, பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கிற அபாயம் இருக்கிறது. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர எண்ணெய்கள் இதைத் தடுப்பதையும் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. எண்ணெய் பாதி காப்பாற்றும், மீதி உங்கள் கை. கியரை இறக்குங்கள்.

மைலேஜில் ஒரு ஆச்சரியம். அரசுச் சோதனைக் கணக்கில் மேனுவல் கியர் சாதா வெர்னா லிட்டருக்கு 18.6, டர்போ 20. டர்போதான் அதிகம். மெல்ல ஓட்டும்போது அது நிஜம். ஆனால் 160 குதிரைத்திறனை வாங்கினவன் மெல்ல ஓட்டுவதில்லை. மிதித்தால் சாதாவைவிட வேகமாகக் குடிக்கும், இன்ஜினைக் குளிரவைக்கவே கூடுதல் பெட்ரோலைப் பீச்சும். இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இரண்டுக்குமே கொஞ்சம் குறையும், ஏனென்றால் எத்தனாலில் எரிசக்தி குறைவு. பெட்ரோல் செலவை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யாதீர்கள்.

டர்போ வாங்கினால் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி இன்னும் சக்தி ஏற்றலாமே என்று மருமகன் கேட்டான். முடியும். அழுத்தத்தை உயர்த்தினாலே இருபது சதவீதத்துக்கு மேல் ஏறும். சாதா இன்ஜினில் அதே வேலை செய்தால் பெயருக்கு ஏதோ கிடைக்கும். ஆனால் வாரண்டி போய்விடும். கம்பெனி பதிவு செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் நிற்காது. வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவ்வளவு ஆசையென்றால் கோவை கரி ஸ்பீட்வே பந்தயத்தளத்தில் பழகட்டும். அங்கே போனால் சாதா இன்ஜின் நாள் முழுக்கச் சலிக்காமல் ஓடும் என்பதையும் பார்ப்பான்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு என் பதில் சுருக்கம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடின வண்டி, சர்வீஸ் புத்தகம் முழுசாக இல்லை என்றால், சாதாவை எடுங்கள். டர்போதான் வேண்டும் என்றால் அந்தப் பெரியவர் செய்ததைச் செய்யச் சொல்லுங்கள். குழாயைக் கழற்றி, காற்றாடியை ஆட்டிப் பார்த்து, குழாய்க்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்த பிறகே முன்பணம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டிய ஊரில் இருந்துகொண்டு, வண்டியைப் பதினைந்து வருஷம் வைத்திருக்க நினைக்கிறவருக்கும் அதே பதில்தான். முதல் முறையாக வேகமான வண்டி ஓட்டப் பழகுகிறவருக்கும் சாதாதான் நல்ல வாத்தியார். கியர் போடவும், சுற்றைக் காதால் கேட்கவும், முன்கூட்டி யோசிக்கவும் அது கற்றுக்கொடுக்கும்.

மருமகன் இந்த மூன்றிலும் வரவில்லை. புது வண்டி, ஊருக்குள்ளேயே சர்வீஸ், வாரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை, மாதம் ஒருமுறை இருவழிச் சாலையில் பின்சீட்டில் அம்மா. “டர்போவ எடுலே. ஆனா மேனுவல் கியர் எடு” என்றேன். கியர் கையில் இருந்தால் அந்த ஒரு நொடி யோசனையை முன்கூட்டியே கியர் இறக்கிச் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். ஆட்டோமேட்டிக் இன்னும் வேகம், நூறைத் தொட 8.1 விநாடி என்று கம்பெனி சொல்கிறது, அது அவனுக்குத் தேவையில்லை.

போன புதன்கிழமை முன்பணம் கட்டிவிட்டு வந்தான். வந்தவன் முன்வாசலில் நின்ற சிட்டியின் பானட்டில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். “ஞாயித்துக்கிழம பாவநாசம் போகணும் மாமா, இத நான் எடுத்துட்டுப் போவட்டுமா?” என்றான். சாவியைக் கொடுத்தேன். ஐயாயிரம் வரும்போது கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னேன்.